கீழக்கரையில் நிற்கும் போலோ ஜிடி: வாங்கலாமா, வேண்டாமா?

இந்த வாரம் வந்த கடிதம் நாலு பக்கம். எழுதியவருக்கு வயது 27, ராமேஸ்வரம் தீவுக்காரர், ஊர்ப் பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். மண்டபம் பக்கம் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறார். அப்பாவுக்கு ஒரு விசைப்படகில் பங்கு இருக்கிறது. ஐந்து வருடம் சேர்த்து கையில் நாலு லட்சம் வைத்திருக்கிறார். கீழக்கரையில் 2017 மாடல் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சிவப்பு வண்டி, மீட்டரில் 48,000 கிலோமீட்டர், கேட்பது ஐந்தேகால் லட்சம். ஆர்.சி. துபாயில் வேலை பார்க்கும் அண்ணன் பெயரில், விற்பது இங்கே இருக்கும் தம்பி. அண்ணன் போன தடவை வந்தபோது பேர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 இரண்டிலும் எதுவும் நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாராம். வண்டி மூன்று வருடமாகப் பெரும்பாலும் வாசலில் கவர் போட்டு நிற்கிறது. நிறுத்துவதற்கு முன்னால் 'ஸ்டேஜ் 1' ரீமேப் (இழுவை கூடுவதற்காக இன்ஜின் மென்பொருளை மாற்றுவது) செய்து, சத்தமான சைலன்சர் ஒன்றும் மாட்டியிருக்கிறார்கள்.

மீதிப் பணத்துக்கு அம்மாவின் நகையை அடகு வைக்கலாம் என்பது யோசனை. அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "இந்த உப்புக் காத்துல அது நிக்குமாடா?" கடிதம் இப்படி முடிகிறது: "பேர் மாத்துறத அவங்க அண்ணன் லீவுல வரும்போது பாத்துக்கலாம், இன்ஷூரன்ஸ் டிசம்பர் வரைக்கும் இருக்கு, லோன் கட்டி முடிச்சாச்சு, அப்புறம் ஏதாவது பிரச்சினைன்னா நுகர்வோர் கோர்ட் இருக்கே. சரிதானே சார்?"

தம்பி, வேகமான வண்டி மீது ஆசைப்பட்டதற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு பத்தியே எழுதியிருக்கிறீர்கள், அது தேவையே இல்லை. போலோ ஜிடி நல்ல வண்டிதான். 1,197 சிசி டர்போ பெட்ரோல் இன்ஜின், 105 குதிரைத்திறன், டிஎஸ்ஜி என்ற ஏழு கியர் ஆட்டோமேட்டிக், 2013-ல் வந்தபோது அந்த அளவு வண்டியில் இந்த ஊரில் யாரும் பார்க்காத இழுவை. உச்சிப்புளி தாண்டி காலி ரோட்டில் ஒரு தடவை மிதித்துப் பார்த்தவன் ஏன் கிறுக்காகிறான் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் கடைசிப் பத்தியில் நாலு விஷயம் இருக்கிறது, நாலுமே சரியில்லை. ராமநாதபுரம் கோர்ட்டில் இருபது வருடத்துக்கு மேல் விபத்து வழக்குகள் பார்த்தவன் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பேர் மாற்றம் 'அப்புறம்' பார்க்கிற வேலை இல்லை

மோட்டார் வாகனச் சட்டத்தில் 'ஓனர்' என்றால் யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவர். பணம் கொடுத்தவரும் இல்லை, சாவி வைத்திருப்பவரும் இல்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: வண்டி நாலு கை மாறியிருந்தாலும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு. உடனே உங்களுக்குத் தோன்றும், அப்படியானால் மாட்டுவது துபாய்க்காரர்தானே, எனக்கு என்ன என்று. அப்படி இல்லை. வண்டியை ஓட்டியவர் என்ற முறையில் நீங்களும் எதிர்மனுதாரர்தான். வண்டியைப் போலீஸ் பிடித்து ஸ்டேஷன் வாசலில் நிறுத்தினால், அதைத் திரும்பக் கேட்டு மனுப் போட வேண்டியது ஆர்.சி. ஓனர். அவர் துபாயில், நீங்கள் ஸ்டேஷன் வாசலில், வண்டி மழையிலும் உப்புக் காற்றிலும். இப்படி ஆறு மாதம் நின்ற வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கே இது நடந்திருக்கிறது, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வக்கீலாகி சில வருடம் ஆன புதிதில் என் பழைய மாருதி 800-ஐ ஒரு புரோக்கரிடம் விற்றேன். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து, கையில் பணம், வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். மூன்று வருடம் கழித்து வேறு ஒரு மாவட்டத்திலிருந்து சம்மன் வந்தது, என் வண்டி யாரையோ இடித்துவிட்டதாக. ஊருக்கெல்லாம் இதில் புத்தி சொல்கிற ஆள் எதிர்மனுதாரராகப் போய் நின்றேன். அன்றைக்கு என்னிடம் அந்த வண்டியை வாங்கியவரும் உங்களை மாதிரிதான், 'அப்புறம் மாத்திக்கலாம்' என்று சொன்னவர்.

சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். வெற்றுப் படிவம் இருக்கிறதே என்று அதை நம்பாதீர்கள். அந்தக் கையெழுத்தை அண்ணன் எந்தத் தேதியில், யாருக்கு விற்கப் போட்டார் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. நாளைக்கு அண்ணன் தம்பிக்குள் பணத் தகராறு வந்து 'நான் விற்கச் சொல்லவே இல்லை' என்று அவர் ஒரு புகார் கொடுத்தால் நீங்கள் பதில் சொல்லிக்கொண்டு அலைய வேண்டும்.

வழி இரண்டு இருக்கிறது. அண்ணன் லீவில் வரும் வரை காத்திருப்பது ஒன்று. இல்லையென்றால் அங்குள்ள இந்தியத் தூதரக அலுவலகத்தில் சான்று பெற்று, இந்த வண்டி எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் குறிப்பிட்டு, விற்கவும் பெயர் மாற்றவும் தம்பிக்கு ஒரு பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இங்கு வந்து சேர்ந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பவர் கொடுத்தவர் இறந்துபோனால் பவரும் அதோடு முடிந்துவிடும், ஆகவே வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டு ஆற அமரப் போகலாம் என்று இருக்காதீர்கள். இந்த வேலைக்கெல்லாம் கொஞ்சம் செலவும் அலைச்சலும் உண்டுதான், அதை விற்பவர் தலையில் கட்டுங்கள், விற்க வேண்டிய அவசரம் அவருக்குத்தான்.

'லோன் கட்டி முடிச்சாச்சு' என்பதையும் வாய்ப்பேச்சாக விடாதீர்கள். கடன் முடிந்ததும் எச்.பி., அதாவது ஆர்.சி.யில் இருக்கும் வங்கி அடமானக் குறிப்பு, தானாக நீங்கிவிடாது. வங்கி கொடுக்கும் தடையில்லாச் சான்றும் (என்.ஓ.சி.) ஃபாரம் 35-ம் ஆர்டிஓ ஆபீசுக்குப் போய், ஆர்.சி.யிலிருந்து வங்கிப் பெயர் எடுக்கப்பட வேண்டும். அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டாலே அடமானம் நிற்கிறதா, இ-சலான் பாக்கி இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் தேதி என்ன என்று தெரிந்துவிடும். இன்றைக்கே பாருங்கள், அஞ்சு நிமிஷ வேலை.

டிசம்பர் வரை இருக்கும் இன்ஷூரன்ஸ் உங்களுடையது இல்லை

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வண்டி கை மாறும்போது மூன்றாம் நபருக்கான காப்பீடு மட்டும் சட்டப்படி வண்டியோடு வந்துவிட்டதாகக் கருதப்படும். உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பகுதி அப்படி வராது. 1996-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாமல் ஓட்டி எங்காவது மோதினால் கம்பெனி கேட்கிற கேள்வி எளிமையானது: பாலிசி யார் பெயரில்? அண்ணன் பெயரில். வண்டியை விற்றுவிட்டாரா? விற்றுவிட்டார். அப்படியானால் அவருக்கு நஷ்டம் இல்லை, உங்களோடு எங்களுக்கு ஒப்பந்தம் இல்லை. முடிந்தது. இன்னொன்று, ஓனர் ஓட்டும்போது இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் பதிவு பெற்ற ஓனருக்குத்தான். நல்ல நாளில் கேட்கிற பேச்சு இல்லைதான், ஆனால் அம்மா நகையை வைத்து வாங்குகிற வண்டி, சொல்லித்தான் ஆக வேண்டும்.

நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் கழிவு) 50 சதவீதம் இருப்பதாகத் தம்பி பெருமையாகச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது வண்டிக்கு இல்லை, அண்ணனுக்கு. உங்கள் பெயருக்கு வந்ததும் நீங்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்குவீர்கள், அந்த வித்தியாசத் தொகையைக் கட்டச் சொல்வார்கள்.

ரீமேப், சைலன்சர்

இதை நீங்கள் இனாம் மாதிரி நினைக்கிறீர்கள். நான் விலையில் கழிக்க வேண்டிய இடமாகப் பார்க்கிறேன். கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓனர் அப்படி மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்துவிட்டது. நடைமுறையில் ரீமேப்பை ரோட்டில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், சைலன்சரைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிப்பார்கள். ஆனால் பெரிய விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும்போது இரண்டும் வெளியே வரும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாத மாற்றம் என்றால் கிளெய்மை மறுக்க அவர்கள் கையில் நல்ல காரணத்தை நாமே கொடுத்த மாதிரி. அதனால் பழைய சைலன்சரைத் திரும்ப மாட்டி, ரீமேப்பை எடுத்து கம்பெனி மென்பொருளுக்கே கொண்டுவந்து கொடுத்தால்தான் வாங்குவேன் என்று சொல்லுங்கள். பழைய சைலன்சர் எங்கே என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும், தூக்கிப்போட்டுவிட்டேன் என்றால் புதுசின் விலையைக் கழியுங்கள்.

வேகத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை, புத்திமதி இல்லை, சட்டம் மாறியிருப்பதால் சொல்கிறேன். கவனக்குறைவாக ஓட்டி ஒருவர் இறந்தால் பழைய சட்டத்தில் அதிகபட்சம் இரண்டு வருடம். 2024 ஜூலை 1 முதல் ஐந்து வருடம் வரை. தனுஷ்கோடி ரோட்டில் கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் மணல் எப்படி ஏறிக் கிடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரான ரோட்டைப் பார்த்து ஏமாந்தவர்களின் வழக்குக் கட்டுகள் என் அலமாரியில் இருக்கின்றன.

அப்பா கேட்ட கேள்வி

நான் மெக்கானிக் இல்லை. அதனால் எனக்குத் தெரிந்த, இந்த வண்டிகளில் கை வைத்துப் பழகிய ஒருவரை உட்காரவைத்து உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். '48,000 தான் ஓடிருக்கு' என்ற வரி வந்ததும் சிரித்தார். 'ஓடாம நின்னதுதான் சார் பிரச்சினை' என்றார். அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன்.

கடலோரத்தில் கவர் போட்டு நிறுத்தினால் வண்டி பத்திரமாக இருக்கும் என்று நினைக்கிறோம், உண்மையில் உப்பும் ஈரமும் கவருக்குள் மாட்டிக்கொள்ளும். மேலே பெயின்ட் பளபளக்கும், அடியில் துரு போய்க்கொண்டிருக்கும். பார்க்க வேண்டியது பிரேக் டிஸ்க், சைலன்சர் கிளாம்ப், கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு, ஸ்டெப்னி வைக்கும் குழி, ஏசி கண்டென்சர், பானெட்டுக்குள் வயர் இணைப்புகளில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்பது. பிரேக் ஆயில் தண்ணீரை இழுத்து வைத்திருக்கும், மாற்றியே ஆக வேண்டும். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், 2317 என்றிருந்தால் 2017-ன் 23-வது வாரம். கட்டை தேயாமல் இருந்தாலும் அவ்வளவு பழைய டயரில் இந்த வண்டியை ஓட்டக் கூடாது, நாலு டயர் செலவு உங்கள் கணக்கில் இல்லை.

பெரிய பயம் கியர்பாக்ஸ். இந்த டிஎஸ்ஜி-யில் இரண்டு உலர் கிளட்ச், அவற்றை இயக்க மெக்கட்ரானிக்ஸ் என்ற ஒரு யூனிட். நன்றாக இருக்கும் வரை வெண்ணெய், போனால் பில் லட்சத்தைத் தாண்டும். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது போய் ஸ்டார்ட் செய்யுங்கள், நீங்கள் வருவதற்கு முன்னால் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஒன்றிலிருந்து இரண்டாவது கியர் மாறும்போது உதறுகிறதா, மெதுவாக ஊர்ந்து போகும்போது விக்குகிறதா, டேஷ்போர்டில் கியர் எழுத்து சிமிட்டுகிறதா என்று பாருங்கள். மேட்டில் ரிவர்ஸ் எடுத்தும் பார்க்கச் சொன்னார். நம் மாவட்டத்தில் மேடு எங்கே இருக்கிறது, ஏதாவது வீட்டு வாசல் சரிவில்தான் பார்க்க வேண்டும். ரீமேப் செய்த வண்டி என்பதால் அந்தக் கிளட்ச் கம்பெனி நினைத்ததைவிட அதிக இழுவையைத் தாங்கியிருக்கிறது, அது ஒரு கூடுதல் சந்தேகம். பெட்ரோலும் ஒரு விஷயம்: இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது, 2017 வண்டி அதற்காகச் செய்யப்பட்டது இல்லை. மைலேஜ் கொஞ்சம் இறங்கும், ரப்பர் குழாய்களை அடிக்கடி பார்க்க வேண்டும்.

மதுரையில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் லிஃப்டில் ஏற்றி ஒரு முழுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். சேஸிஸ் எண்ணை வைத்துப் பழைய சர்வீஸ் கணக்கையும் கேளுங்கள், 48,000 என்பது உண்மையா என்று அங்கே தெரியும். விற்பவர் 'அதெல்லாம் வேண்டாம், இங்கயே நம்ம பையன் பாப்பான்' என்றால் அதுவே பதில்.

நுகர்வோர் கோர்ட் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தனிநபர் ஒருவர் தன் சொந்த வண்டியை விற்றால் அவர் வியாபாரி இல்லை, அவர் மேல் நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிற்காது. மறைத்து ஏமாற்றினார் என்று சிவில் வழக்கோ மோசடிப் புகாரோ போடலாம், நிரூபிக்க வேண்டியது நீங்கள், வருடக்கணக்கில் ஆகும். 'வாங்குபவன்தான் பார்த்து வாங்க வேண்டும்' என்பதே நம் சரக்கு விற்பனைச் சட்டத்தின் அடிப்படை. அதனால் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதுதான் உங்கள் பலம்: மீட்டர் அளவு திருத்தப்படவில்லை, பெரிய விபத்தில் சிக்கவில்லை, கடன் இல்லை, சலான் இல்லை, இன்ன தேதி இன்ன மணிக்கு வண்டி ஒப்படைக்கப்பட்டது என்று. மணி வரைக்கும் எழுதுங்கள். அன்று காலை அந்த வண்டி என்ன செய்தது என்பது உங்களுக்குத் தெரியாது.

வியாபாரியிடம் வாங்கினால் கதை வேறு. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி விற்கும் டீலர் ஆர்டிஓ-விடம் அங்கீகாரம் வாங்கியிருக்க வேண்டும், ஓனர் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததும் ஃபாரம் 29சி மூலம் தெரிவிக்க வேண்டும், அதன் பிறகு வண்டிக்குப் பொறுப்பு அவர். அவர் மேல் நுகர்வோர் புகாரும் நிற்கும். விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அந்தக் கூடுதல் இதற்குத்தான். கமிஷன் வாங்கிக்கொண்டு வண்டி காட்டும் புரோக்கர் அந்த டீலர் இல்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சரி, வாங்கலாமா? இந்த விலைக்கு, இந்த நிலையில், இப்போதைக்கு வேண்டாம். பவர் வந்து, எச்.பி. நீங்கி, ரீமேப்பை எடுத்து, மதுரைச் சோதனையில் கியர்பாக்ஸ் தேறி, விலை நாலு லட்சத்துக்குள் நன்றாகவே இறங்கி, டயர், பிரேக், பேட்டரிக்குக் கையில் காசு மிச்சம் இருந்தால் வாங்குங்கள், நான் தடுக்க மாட்டேன். கியர்பாக்ஸில் சின்ன உதறல் இருந்தாலும் விட்டுவிடுங்கள். போலோதான் வேண்டும் என்றால் 2020-ல் வந்த 1.0 டிஎஸ்ஐ இருக்கிறது, 110 குதிரைத்திறன், மேனுவல் கியரிலும் கிடைத்தது, ஆட்டோமேட்டிக்கில் இந்த உலர் கிளட்ச் தலைவலி கிடையாது. 2022-ல் இந்தியாவில் போலோவையே நிறுத்திவிட்டதால் அதற்கும் விலை இறங்காமல் நிற்கிறது, உங்கள் நாலு லட்சத்துக்கு இன்று வராது. ஒரு வருடம் பொறுத்தால் வரலாம்.

அம்மா நகை விஷயத்தில் நான் வக்கீலாகப் பேசவில்லை. வருடத்தில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அந்த நாட்களில் வீட்டுக்கு உங்கள் சம்பளம் மட்டும்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நகைக்கடன் வட்டியும் கியர்பாக்ஸ் பில்லும் அந்த இரண்டு மாதத்தில் சேர்ந்து வந்தால் எதை விற்பீர்கள்? அந்த நேரத்தில் அவசரமாக விற்கிற ஆர்.சி. மாறாத வண்டிக்கு என்ன விலை கிடைக்கும் என்று இப்போது கீழக்கரைத் தம்பியைப் பார்த்தாலே தெரியும்.

இந்த வாரம் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். துபாய் அண்ணனோடு வீடியோ காலில் நீங்களே பேசுங்கள், விற்கச் சம்மதமா, பவர் அனுப்புவாரா என்று கேளுங்கள். அவர் சரி என்று சொல்லும் வரை டோக்கன் அட்வான்ஸ் பத்து ரூபாய்கூட வேண்டாம். சொன்ன பிறகும் பத்தாயிரத்துக்கு மேல் வேண்டாம், அதையும் ரொக்கமாகக் கொடுக்காமல் அண்ணன் கணக்குக்கே அனுப்புங்கள், 'போலோ முன்பணம், சோதனையில் தேறாவிட்டால் திரும்பத் தர வேண்டும்' என்று வாட்ஸப்பில் அவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் மதுரையில் வண்டியை லிஃப்டில் ஏற்றும் அன்றைக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். கரையில் ஏற்றிய படகுக்கு அடியில் படுத்துப் பார்த்துப் பழகிய கண், துரு எங்கே ஒளிந்திருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.